முகம் பார்க்காமல் எடுத்த படம்

ஜெபா, ரூபன், நீங்கள் இருவரும் என்னைக் கேலி செய்வது எனக்குத் தெரியாமல் இல்லை. கேஸ் சிலிண்டர் போட வருபவரிடம்கூட அம்மா பேரைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா கையெழுத்துப் போடுவார் என்று சித்தி மகள் கல்யாணத்தில் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் போன மாதம் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே படம் கழுவிய இருட்டறையை இடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். இப்போது அங்கே வேலை செய்கிற பெண் பழைய ரிஜிஸ்தர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் அம்மா பேர் எழுதியிருக்கிறதே, எந்த டாக்டர் எழுதச் சொன்னார் என்று கேட்டாள். எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதற்கு மேல் அவளிடம் நின்றபடி சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். பத்தாவது படித்தவன் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே சேர்ந்தது தரை துடைக்க. பிறகு எக்ஸ்ரே தகடுகளைத் தூக்கிக்கொண்டு போனேன், பிறகு படம் கழுவினேன், கடைசியில் படம் எடுக்கவும் ஆரம்பித்தேன். சிஸ்டர்கள் நடத்திய ஆஸ்பத்திரி, ஆட்கள் குறைவு. ஆபரேஷன் நாளில் தியேட்டரிலும் நானே நிற்பேன். விளக்கைத் திருப்புவது, சிலிண்டர் மாற்றுவது, மயக்க மருந்து டாக்டருக்குக் கையாளாக இருப்பது எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். பதினோரு வருஷம் இப்படிப் போனது.

தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனிகள் வந்தன. வேலைக்கு எடுக்கும் பையன்களுக்கு மெடிக்கல் செக்கப் செய்யும் வேலையை ஒரு கம்பெனி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது. வேன் வேனாக வருவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பையன்கள். ஒரே காலையில் அறுபது படம் எடுத்திருக்கிறேன். நான் பேரைக் கூப்பிட்டு, தகட்டில் அவன் நம்பரைப் போடுவேன். "இருக்கேன் சார்" என்று ஒருவன் வருவான். சட்டையைக் கழற்றி, நெஞ்சைத் தகட்டில் ஒட்டி, தாடையைத் தூக்கி நிற்கச் சொல்வேன். நெஞ்சுப் படம் எடுக்கும்போது ஆளின் முகம் சுவரைப் பார்த்திருக்கும், மெஷின் முதுகுப்பக்கம் இருக்கும். மூச்சை இழு, நிறுத்து, விடு. அடுத்தவன். நான் பார்த்ததெல்லாம் முதுகுகள்தான்.

அப்படி ஒரு செக்கப் முடிந்து எட்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கம்பெனி வேனில் இசக்கிமுத்து என்ற பையனைக் கொண்டுவந்தார்கள். இருபத்து மூன்று வயது. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு லைனுக்குத் திரும்பியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். உதடு நீலம். நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. உட்கார வைத்தே படம் எடுத்தேன். கழுவி எடுத்துப் பார்த்தால் நெஞ்சின் இடது பக்கம் கீழ்ப்பாதி முழுக்கக் காற்று. இதயம் வலது பக்கம் தள்ளியிருந்தது.

டியூட்டி டாக்டர் இளவயது, நல்லவர். சரியாகத்தான் யோசித்தார். கம்பெனி செக்கப்பில் எடுத்த பழைய படத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழைய படத்தில் இரண்டு நுரையீரலும் கண்ணாடி மாதிரி இருந்தன. எட்டு மாதம் முன்பு சுத்தமாக இருந்த நெஞ்சில் இன்று இவ்வளவு காற்று என்றால், நுரையீரல் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்திருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள். அதற்கு வைத்தியம், விலா எலும்புகளுக்கு நடுவே துளை போட்டு ஒரு ட்யூப்பைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுவது. தாமதித்தால் ஆள் போய்விடுவான். டாக்டர் ட்ரேயைக் கேட்டார்.

நான் ட்ரேயோடு வரும்போது ஆயா அம்முலு என் கையைப் பிடித்தாள். "இன்னாண்ணா இது, அந்தப் புள்ளைக்கு நெஞ்சுல வவுறு கத்துது. சட்டையக் கயட்டும்போது கேட்டேன். பசி வவுறு மாரி கடகடன்னு கீது."

அவள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பவள். நான் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ட்ரேயை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என் கண் படங்களின் மேல் போனது. பழைய படத்தில் இடது காறை எலும்பில், கழுத்திலிருந்து தோளுக்குப் போகிறதே அந்த எலும்பில், நடுவே ஒரு முண்டு இருந்தது. சின்ன வயதில் உடைந்து கோணலாகச் சேர்ந்த எலும்பு. புதுப் படத்தில் அதே எலும்பு வழவழவென்று நேராக இருந்தது.

உடைந்து சேர்ந்த எலும்பின் முண்டு எட்டு மாதத்தில் கரையாது. அது எனக்குத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பதும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. அன்றைக்கு இவன் பேரைச் சொல்லி வந்து நின்றவன் வேறு ஒருவன். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. இது வெளியே வந்தால் கம்பெனி வேலை சிஸ்டர்கள் கையைவிட்டுப் போகும், எனக்கும் வேலை போகும். ஜெபா அப்போது எல்கேஜி. இதையெல்லாம் நினைத்தபடி நின்றேன். டாக்டர் விலாவில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு முடித்துவிட்டார். கத்தியை எடுத்தபோதுதான் வாய் திறந்தது.

"சார், அந்தப் பழைய படம் இவன்து இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். "நம்பர் நீங்க போட்டதுதானே சாமுவேல்?"

"ஆமா சார். நம்பர் என்னுது. நெஞ்சு இவன்து இல்ல."

காறை எலும்பைக் காட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். எத்தனையோ பேர் வைத்திருக்க மாட்டார்கள். பெரிய டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

டாக்டர் ரங்கநாயகி எங்கள் சர்ஜன். ஐம்பது வயது, குள்ளம். சென்னையில் அரசு ஆஸ்பத்திரி நெஞ்சுப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஓடி வந்தாலும் நோயாளி பக்கத்தில் வந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அன்றும் உட்கார்ந்தார். விரலால் படத்திலிருந்த முண்டைத் தொட்டார், அதே விரலால் பையனின் காறை எலும்பைத் தடவினார். ஸ்டெதஸ்கோப்பை இடது நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அம்முலு சொன்னதை நான் அப்போதுதான் சொன்னேன். "அம்முலு சொன்னது சரி" என்றார். பிறகு பையனிடம் குனிந்து, வேலையைப் பற்றி இப்போது யாரும் கேட்கப்போவதில்லை, உண்மையை மட்டும் சொல் என்றார்.

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து விட்டு விட்டு வந்தது பதில். "படத்துக்குப் பரமசிவன்தான் நின்னான். ரூம்காரன். எனக்குச் சின்னதுலயே காய்ச்சல் வந்து, இதயத்துல வால்வு சுருங்கியிருக்குன்னு பாளையங்கோட்டைல சொல்லியிருந்தாவ. மாசம் ஒரு ஊசி. தெரிஞ்சா வேலை தரமாட்டாவல்லா."

அவன் மறைத்தது இதயத்தை. நெஞ்சுக்குள் இன்னொரு கோளாறு பிறந்ததிலிருந்து இருந்தது அவனுக்கே தெரியாது. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரத் துணி மாதிரி ஒரு தசைத் தடுப்பு உண்டு. உதரவிதானம் என்பார்கள். தாய் வயிற்றில் அது மூடி வளரும். சிலருக்குப் பின்பக்க மூலையில் கொஞ்சம் மூடாமல் நின்றுவிடும். பெரும்பாலும் பிறந்த உடனே தெரிந்துவிடும். எங்கோ ஒருவர் தெரியாமலே வளர்ந்துவிடுவார். பிறகு ஒரு நாள் அந்த ஓட்டை வழியாக இரைப்பையும் குடலும் மேலே ஏறி நுரையீரலின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். படத்தில் நாங்கள் பார்த்த காற்று நுரையீரலிலிருந்து கசிந்ததல்ல. அது இரைப்பைக்குள் இருந்த காற்று. ட்யூப் போட்டிருந்தால் கேன்டீன் சாப்பாட்டோடு நிற்கும் இரைப்பையைக் குத்திக் கிழித்திருக்கும். செக்கப் அன்று அவன் நெஞ்சையே நான் எடுத்திருந்தால் இது எட்டு மாதம் முன்பே தெரிந்திருக்கலாம்.

மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார் டாக்டர். மறுபடியும் படம் எடுத்தேன். வயிற்றில் இருக்க வேண்டிய குழாயின் நுனி நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. குழாய் வழியாகக் காற்றும் நீரும் வெளியேற, அரை மணி நேரத்தில் உதடு சிவந்தது.

புதன்கிழமை சென்னைக்குக் கூட்டிப்போய் இதயத்தை ஸ்கேன் எடுத்தோம். வால்வு சுருக்கம் நடுத்தரம், இதயம் வேகமாக ஓடாமல் பார்த்துக்கொண்டால் ஆபரேஷனைத் தாங்கும் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை அங்கேயே படுக்கை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் சனிக்கிழமை காலை அவனுக்கு மறுபடி வலி வந்தது. மூக்குக் குழாயில் காப்பி நிறத்தில் நீர் வந்தது. உள்ளே போன குடல் ஓட்டையில் நெரிபடுகிறது, ரத்தம் போகாமல் அழுக ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். இந்த நிலைமையில் ஹைவேயில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் இதயம் தாங்காது, போய்ச் சேர்ந்தாலும் நேரம் இருக்காது. இங்கேயே செய்வோம் என்றார் டாக்டரம்மா. பூந்தமல்லியிலிருந்து மயக்க மருந்து டாக்டர் காதர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

பையனின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சம்மதப் பேப்பரை அவரிடம் கொண்டுபோனது நான்தான். ஒரு தடவை பட்டவன் இல்லையா, இசக்கிமுத்து உங்கள் மகன்தானே என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "எம்பிள்ளைய எனக்குத் தெரியாதா, அண்ணாச்சி?" என்றார். பேரைக் கேட்டேன். பேச்சியம்மாள். எழுதினேன், கைநாட்டு வைத்தார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கஷ்டமான கேஸ் என்றால் கத்தியைத் தொடுவதற்கு முன்பு, தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தனக்கு என்ன தெரியாது, எதற்குப் பயம் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தெரிந்ததைச் சொல்லக் கூடாது. அவரே ஆரம்பிப்பார். ஓட்டையின் ஓரத்தில் தைக்கிற அளவுக்குத் தசை இருக்குமா தெரியாது என்றார். குடல் வயிற்றுக்குள் திரும்பும்போது வயிறு இறுகி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையும், பிரஷர் எவ்வளவு விழும் என்று தெரியாது என்றார் காதர். என் முறை வந்தது.

அங்கே மயக்க மெஷினில் இரண்டு வாயு இருக்கும். ஒன்று ஆக்சிஜன். இன்னொன்று நீல சிலிண்டர், வலி மறக்க வைக்கும் வாயு. எல்லா ஆபரேஷனுக்கும் இரண்டையும் நான்தான் திறந்து வைப்பேன். இன்றைக்கு நீலம் வேண்டாம், அது குடலுக்குள் புகுந்து ஊதவைக்கும், நெஞ்சுக்குள் இருக்கும் குடல் ஊதினால் இதயம் நசுங்கும் என்று காதர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"என் கை பழக்கத்துல அதைத் திறந்துடுமோன்னு பயமா இருக்கும்மா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. "அப்ப கையை நம்பாதீங்க. சிலிண்டரை வெளிய தள்ளிடுங்க" என்றார் டாக்டரம்மா.

கழற்றி, உருட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். பெஞ்சில் இருந்த பேச்சியம்மாள் எழுந்துவிட்டார். "சிலிண்டர வெளிய கொண்டாறியளே, காத்து தீந்துட்டா?" முகம் வெளுத்துப்போயிருந்தது. இல்லம்மா, இது உங்கள் பிள்ளைக்குச் சேராதது, அதனால் வெளியே வைக்கிறோம் என்றேன். அவர் சிலிண்டரைச் சுவரோடு தள்ளி வைக்க எனக்குக் கை கொடுத்தார்.

மயக்கம் கொடுக்கும்போது இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு ஏறி நுரையீரலில் போகாமலிருக்க, குரல்வளை எலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். காதர் மூச்சுக்குழாயில் ட்யூப்பை இறக்கி, விடு என்று சொல்லும்வரை விடவில்லை. இடது விலாவுக்குக் கீழே திறந்தார்கள். ஓட்டை மூன்று விரல் போகிற அளவு இருந்தது. முதலில் டாக்டரம்மா அதைக் கொஞ்சம் பெரிதாக்கினார், நெரிபட்ட குடலை இழுத்தால் கிழியும் என்று. குடலின் ஒரு பகுதி கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கேட்டார். சுற்றி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம். துணியை எடுத்தபோது நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

அடுத்து இரைப்பையை இறக்கும்போது காதர், "மேடம், நிறுத்துங்க. பிரஷர் அறுபது" என்றார். இதயம் தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. டாக்டரம்மாவின் கை இருந்த இடத்திலேயே நின்றது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. காதர் ஒரு மருந்தை மெதுவாக ஏற்றினார். சலைன் தண்ணீரை வேகமாக ஏற்றினால் சுருங்கிய வால்வுக்குப் பின்னால் தேங்கி நுரையீரல் நிறையும், ஏற்றாவிட்டால் பிரஷர் எழாது. சொட்டு சொட்டாகக் கொடுத்தார். எழுபது. எண்பது. "இப்ப போகலாம்." இன்னொரு விரல்கடை இறக்கினார். மறுபடி விழுந்தது. மறுபடி நின்றார். இப்படி மூன்று தடவை. அவர் நெற்றி வியர்வையை நான் துடைத்தபோது முனகலாக ஒன்று சொன்னார்: "அவசரம் நமக்குத்தான் சாமுவேல், அவனுக்கு இல்ல."

ஓரத்தில் தசை இருந்தது. கரையாத தடித்த நூலால் ஓட்டையை ஒவ்வொரு முடிச்சாக மூடினார். கடைசியில், இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிய வசதியாக நெஞ்சில் ஒரு ட்யூப் கேட்டார். ட்ரேயை நீட்டினேன். திங்கட்கிழமை திருப்பி எடுத்துக்கொண்டு போன அதே செட். இப்போது அது போக வேண்டிய இடம் காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்தான். பன்னிரண்டாம் நாள் நடந்து போனான்.

நடந்ததை நானே எழுதி மதர் சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்து மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு, நாளைக்கும் வேலைக்கு வா என்று மட்டும் சொன்னார். கம்பெனி தன் பையன்களை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆரம்பித்தது. இசக்கியையும் பரமசிவனையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பரமசிவன் ஒரு நாள் என்னைத் தேடி வந்தான். சண்டைக்கு வருகிறான் என்றுதான் நினைத்தேன். காறை எலும்பின் முண்டைத் தொட்டுக் காட்டி, "இதுதானே அண்ணாச்சி என்னக் காட்டிக்குடுத்தது? சைக்கிள்ல விழுந்தப்பவே அம்மை சொன்னா, இது உன்னைச் சும்மா விடாதுலன்னு" என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பழக்கம்தான் நீங்கள் சிரிக்கிறது. தகட்டுக்கு முன்னால் நிறுத்துவதற்கு முன்பு ஆளை என் பக்கம் திருப்பி முகத்தைப் பார்ப்பேன். அம்மா பேரைக் கேட்பேன். அடுத்தவன் பேரை எவனும் மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். அடுத்தவன் அம்மாவைத் தன் அம்மா என்று முகத்துக்கு நேரே சொல்லும்போது ஒரு நொடி தடுமாறும். அந்த நொடியில் இரண்டு பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், டாக்டரிடம்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரகடம் பக்கம் புதுக் கம்பெனிகள் வந்தன. ஒரு கம்பெனி மறுபடியும் எங்களிடம் வேன் அனுப்பியது. வரிசையில் ஒன்பதாவதாக ஒருவன், கையில் பழைய படங்கள் வைத்த கவர், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதம். வால்வு சுருக்கம் உண்டு, மாத ஊசி தவறாமல் போடுகிறான், பாரம் தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதியானவன் என்று அதில் இருந்தது. எதையும் மறைக்காமல் கொண்டுவந்திருந்தான். பிறகு ஸ்டோர்ஸில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு எடுப்பார்களா மாட்டார்களா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் கேட்பதற்கு முன்பே நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"பேரு இசக்கிமுத்து. அம்மா பேரு பேச்சியம்மாள். இந்தத் தடவ என் நெஞ்சுதான், அண்ணாச்சி."

ரிஜிஸ்தரில் எழுதினேன். சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். இடது விலாவில் ட்யூப் போட்ட தழும்பு சின்னதாக, வெள்ளையாக இருந்தது. மூச்சை நல்லா இழு என்றேன். இழுத்தான். முதுகின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விரிந்தது. நிறுத்து என்று சொல்லிவிட்டு ஸ்விட்சை அழுத்தினேன்.